குடியைக் குறைப்பதா, அடியோடு விடுவதா: குவாட்டர் கணக்கில் ஒரு வழிகாட்டி

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? டீ கிளாஸைப் பிடித்தால் தளும்புகிறதா? ஒரு கட்டிங், அதாவது அரை குவாட்டர் சரக்கு, உள்ளே போனதும் நடுக்கம் அடங்கிவிடுகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், கீழே வரும் சோதனைகளை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். இன்றோடு நிறுத்தினேன் என்று சாமி முன்னால் சத்தியமும் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். குறைப்பதா விடுவதா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறோம் என்றால், தினமும் குடித்துப் பழகிய மூளை, மது தரும் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை எந்நேரமும் முறுக்கிலேயே வைத்திருக்கும். சரக்கு திடீரென்று நின்றால் மந்தம் போய்விடும், முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும், இல்லாத ஆளோடு பேசுவார்கள், எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, உடம்பு கொதிக்கும். டெலிரியம் டிரெமன்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்த ஒருவர், மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலைவிட்டு இறங்கி ஓடப் பார்த்தால், துணைக்கு இருப்பவர்கள் காத்துக் கருப்பு என்று விபூதி தேடுவார்கள். சேரும்போதே “தினமும் குடிப்பவர், கடைசியாக இத்தனை மணிக்குக் குடித்தார்” என்று டூட்டி டாக்டரிடம் சொல்லியிருந்தால் பெரும்பாலும் இந்த நிலைமை வராது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டருக்கு அது சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் மாதிரி இன்னொரு விவரம், அவ்வளவுதான்.

தோராயமாக ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். தினமும் ஒரு குவாட்டரோ (180 மி.லி. பாட்டில்) அதற்கு மேலோ குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. தினமும் இரண்டு குவாட்டரைத் தாண்டியவர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தவர், ஈரல் நோய் உள்ளவர், வீட்டில் துணைக்கு ஆளில்லாதவர் ஆகியோர் மருத்துவமனையில் படுத்து நிறுத்துவதே சரி. அங்கே சில நாட்களுக்கு அளவு குறைத்துக்கொண்டே போகும் மாத்திரைகளும், வைட்டமின் பி1 ஊசியும் கொடுப்பார்கள். மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை வழக்கமான அளவைக் கூட்டாமல், சடாரென்று நிறுத்தாமல் இருங்கள். அந்த மாத்திரைகளை மெடிக்கலில் தனியாக வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே குடிப்பது மூச்சையே நிறுத்திவிடும்.

இந்தப் பி1 விஷயத்தில் நம் பக்கத்துப் பழக்கம் ஒன்று ஆபத்தானது. நாலு நாள் சாப்பிடாமல் குடித்துவிட்டு, தள்ளாடிக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்குப் போய் “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று கேட்பது. நெடுநாள் குடிப்பவர் உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க உடம்புக்கு அந்தப் பி1 வேண்டும். இருக்கும் கொஞ்சமும் அதில் தீர்ந்தால் கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, நினைவு குழம்பும். அந்த நினைவிழப்பு சிலருக்கு நிரந்தரமாகவே நின்றுவிடும். டிரிப் ஏற்றும் முன் குடிப்பதைச் சொல்லிவிட்டால், முதலில் பி1 போட்டுவிட்டுக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

எவ்வளவு குடிக்கிறீர்கள்?

“ஒரு குவாட்டர்தானே” என்பதில் அந்தத் ‘தானே’தான் வில்லங்கம். டாஸ்மாக் பிராந்தி, ரம், விஸ்கி எதுவானாலும் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். சுத்தமான ஆல்கஹால் எத்தனை கிராம் என்று பார்க்க, மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி, 0.8ஆல் பெருக்கி, 100ஆல் வகுங்கள். 180 மி.லி. குவாட்டரில் வருவது சுமார் 60 கிராம். 90 மி.லி. கட்டிங்கில் 30 கிராம். 60 மி.லி. லார்ஜில் 20 கிராம். 650 மி.லி. பீர் பாட்டில் 5 சதவீதம் என்றால் 26 கிராம். லேபிளில் 8 என்று போட்ட ஸ்ட்ராங் பீர் என்றால் சுமார் 42 கிராம், அதாவது ஒரு கட்டிங்கைவிட அதிகம். “நான் சரக்கு தொடுறதில்லை, வெறும் பீர்தான்” என்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஸ்ட்ராங் அடிப்பவர், ஒரு குவாட்டரைத் தாண்டி மேலே ஒரு லார்ஜ் குடித்த கணக்கில் இருக்கிறார்.

10 கிராமை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டால் குவாட்டர் 6 அலகு. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ போனால் அதை உலக சுகாதார நிறுவனம் மிகுகுடி என்ற கணக்கில் சேர்க்கிறது. நம் ஊரில் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய பாட்டிலே அந்தக் கோட்டில்தான் தொடங்குகிறது. பிரிட்டனில் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 112 கிராமைத் தாண்டாதீர்கள், அதையும் மூன்று நாளுக்குக் குறையாமல் பிரித்துக் குடியுங்கள் என்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே அளவு. நம் கணக்கில் அது வாரத்துக்கு இரண்டு குவாட்டருக்கும் சற்றுக் குறைவு. தினமும் ஒரு குவாட்டர் என்றால் 420 கிராம், அந்த வரம்பைப் போல நாலு பங்கு கிட்டத்தட்ட. அந்த வரம்புக்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. குறைத்தால் ஆபத்து குறையும். அதற்கு மேல் எந்த உத்தரவாதமும் இல்லை.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். பால் கணக்குக் காலண்டர் இருந்தால் அதுவே போதும். ஒவ்வொரு நாளும் நாலு விஷயம்: எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு முதல் மடக்கு, யாரோடு, எவ்வளவு காசு. காசில் சைடிஷ், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், அடுத்தவருக்கு வாங்கிக் கொடுத்தது எல்லாம் அடங்கும். போதையில் எழுத முடியாது, மறுநாள் காலையில் எழுதுங்கள். காலையில் எழுதும்போது எத்தனை நாள் அளவு நினைவில்லை என்பதையும் குறியுங்கள். அந்த எண்ணிக்கை பின்னால் உதவும்.

காரைக்கால் போய்க் குடித்து வருகிறவர்கள் அங்கே குடித்ததையும் எழுத வேண்டும். மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்துக் கணக்குகள் பெரும்பாலும் இங்கேதான் ஓட்டையாகின்றன. அங்கே கள்ளும் சாராயமும் சேர்ந்துவிட்டால் மில்லிக் கணக்கு பிடிபடாது. அந்த நாளை ‘அளவு தெரியாது’ என்றே எழுதுங்கள்.

கூடவே ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்வித் தாளை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டு நிரப்பலாம். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது. மொத்தம் 40 மதிப்பெண். 8க்குக் கீழே குறைந்த ஆபத்து. 8 முதல் 15 வரை எச்சரிக்கை. 16 முதல் 19 வரை கெடுதல் தொடங்கிவிட்டது என்று பொருள். 20ஐத் தொட்டால் குடிநோய் இருக்கிறதா என்று மருத்துவர் சோதிக்க வேண்டும். எங்கள் அனுபவ விதி: 15க்குள் இருப்பவர் குறைத்துப் பார்க்கலாம். 20ஐத் தொட்டவர் குறைக்கும் முயற்சியில் மாதங்களைச் செலவிடுவது வீண். நடுவில் உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையின் மீதிப் பாதி.

குறைத்தல் என்ற பேச்சே வேண்டாதவர்கள்

சிலருக்குத் தேர்வு கிடையாது. ஈரல் சுருக்கம் அல்லது மஞ்சள் காமாலையோடு வயிற்றில் நீர் கோத்தவர்கள். கணையம் வீங்கி, மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து, ஒரு தடவையாவது படுத்தவர்கள். வலிப்பு நோய்க்காரர்கள். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரையும் மதுவும் சேர்ந்து ஈரலை இரண்டு பக்கமும் இடிக்கும். கர்ப்பிணிகள். குடித்தால் வீட்டில் கை நீட்டுகிறவர்கள். குடித்தால் சாகும் எண்ணம் வருகிறவர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் குடித்தால், ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். போதையில் கிடக்கிறார் என்று வீட்டில் எழுப்பாமலே விட்டுவிடுவார்கள்.

தெரியாவிட்டால், ஈரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துப் பாருங்கள். கொழுப்பு ஈரல் என்ற அளவில் நின்றிருந்தால், குடியை விட்ட சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். சுருக்கம் விழுந்த ஈரல் பழையபடி ஆகாது; மேலும் கெடாமல் நிறுத்தலாம். ரிப்போர்ட்டில் “லேசான கொழுப்பு” என்று வந்ததும் கொண்டாட பாருக்குப் போகிறவர்களும் உண்டு.

மாலை போட்ட 48 நாள் எதைக் காட்டுகிறது

“சபரிமலைக்கு மாலை போட்டா 48 நாள் தொடவே மாட்டேன். நான் எப்படிக் குடிகாரன்?” டெல்டாவில் எந்த டீக்கடையிலும் கேட்கக்கூடிய வாதம் இது. கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறவர்களும், வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களும் இதையே சொல்வார்கள். உண்மைதான், 48 நாள் இருந்து காட்டியிருக்கிறீர்கள். ஆனால் அது சோதித்தது ஒரு திறமையை மட்டும்: பூஜ்யத்தில் நிற்பது. குறைத்துக் குடிக்க வேண்டியது வேறொரு திறமை; முதல் லார்ஜ் உள்ளே போன பிறகு இரண்டாவதை வேண்டாம் என்பது. முதல் மடக்கு, வேண்டாம் என்று சொல்லும் புத்தியைத்தான் முதலில் தளர்த்தும். பலருக்கு 48 நாள் பூஜ்யம் சுலபமாகவும், ஒரு நாள் 60 மில்லி கஷ்டமாகவும் இருப்பது இதனால்தான்.

அந்த விரதத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. மாலை போடுவதற்கு முதல் நாள் எவ்வளவு குடித்தீர்கள்? முதல் மூன்று நாள் உடம்பு எப்படி இருந்தது? மாலை கழற்றிய நாளில் எத்தனை மணி நேரத்தில் முதல் பாட்டில் திறந்தது? கழற்றிய ஒரு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பினீர்களா, அல்லது ஒரு மாதம் பிடித்ததா? மலையிலிருந்து இறங்கி வரும் வண்டியிலேயே தொடங்கி, அந்த வாரத்திலேயே பழைய அளவைத் தொட்டிருந்தால், குறைப்பது உங்களுக்கு வாய்க்காது என்பதற்கு ஆதாரம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

கடை மூடும் நாட்களும் இலவசமாகக் கிடைக்கும் சோதனைதான். அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள். அன்றைக்குச் சரக்கு இல்லாமலே கழிந்ததா? முதல் நாளே வாங்கி வைத்தீர்களா? பிளாக்கில் கூடுதல் விலை கொடுத்தீர்களா? பிளாக்கில் வாங்குகிறவரை, குடிக்கிற அளவைவிட இந்த ஒரு விவரமே அதிகம் காட்டிக்கொடுக்கும். 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. குடித்தவரின் நாக்குக்கு மெத்தனாலும் எத்தனாலும் வித்தியாசம் தெரியாது.

முதலில் 30 நாள் பூஜ்யம்

உடல் சார்பு இல்லாதவர்கள், அதாவது குடி நின்றால் நடுக்கம், வியர்வை வராதவர்கள் மட்டும் (தினமும் குவாட்டரோ மேலோ குடிப்பவர் மருத்துவரைக் கேட்ட பிறகே): குறைக்க விரும்பினாலும் முதலில் 30 நாள் முழுதாக நிறுத்துங்கள். பழகிப்போன உடம்பு இறங்க இந்த இடைவெளி வேண்டும். நேற்று வரை 180 மில்லிக்கு ஏறியவருக்கு இன்று 60 மில்லி கொடுத்தால் போதை தெரியாது, எரிச்சல்தான் வரும். எரிச்சலில் அடுத்ததை ஊற்றுவார். ஒரு மாதம் கழித்து அதே 60 மில்லி தெரியும்.

என்ன எதிர்பார்க்கலாம்? முதல் இரண்டு வாரம் தூக்கம் கெடும். குடித்தால் தூக்கம் வருகிறது என்பது பாதி உண்மை. சீக்கிரம் கண் மூடும், பின்னிரவில் விழிப்புத் தட்டும். நின்ற பிறகு அந்தத் தாளம் சீராக நாள் பிடிக்கும். இனிப்பு கேட்கும், கொடுங்கள்; வெல்லக் கடலை உருண்டையால் யாருக்கும் ஈரல் கெட்டதில்லை. சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு வாய் நமநமக்கும். அந்த நேரத்தில் வயிறு காலியாக இருக்கக் கூடாது. நாலு மணிக்கே இட்லியோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ சாப்பிட்டுவிட்டால் பாதி வேகம் குறையும். ஒரு வேட்கை எழுந்து அடங்க 20, 30 நிமிடம்தான். அதுவரை கையில் ஒரு வேலை இருந்தால் போதும்.

வலிக்காகக் குடிப்பவர்கள் தனி. நாற்று பறித்து, அண்டை வெட்டி, கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவரிடம் மன உறுதி பற்றிப் பாடம் நடத்துவது அநியாயம். வலி நிஜம். ஆனால் மது அந்த வலியை மூன்று நாலு மணி நேரம் மறைத்துவிட்டு, உடம்பின் நீரையும் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. மறுநாள் வலி கூடுகிறது. வெந்நீர்க் குளியல், உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம், இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிப்பது, வலி தொடர்ந்தால் மருத்துவர். மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையைச் சரக்கோடு போடாதீர்கள்: ஒரு வகை மாத்திரை இரைப்பையில் ரத்தம் கசிய வைக்கும், இன்னொரு வகை ஈரலைத் தாக்கும்.

பணம் வரும் வழியையும் மாற்றுங்கள். கூலி கைக்கு வந்த அரை மணி நேரம்தான் நாளிலேயே ஆபத்தான நேரம். கூலியை வீட்டுக்காரம்மா போன் நம்பருக்கு நேராகப் போடச் சொல்லலாம். கடை வழியாகப் போகும் சாலையை விட்டு வாய்க்கால் கரையோடு சுற்றிப் போகலாம்.

30 நாளும் முடியாமல் இரண்டு தடவைக்கு மேல் இடையில் குடித்துவிட்டால், அதுவே பதில். அடுத்த கட்டத்துக்குப் போகாமல், நேராக விடும் பகுதிக்குப் போங்கள்.

இரண்டு மாதம் அளவாகக் குடித்துப் பார்த்தல்

விதிகளை எழுதி, தேதி போட்டு, வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மனதில் வைத்துக்கொண்ட விதி இரண்டாவது ரவுண்டில் மாறிவிடும். நாங்கள் சொல்வது இது: ஒரு நாளில் 60 மில்லிக்கு மேல் இல்லை. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் இல்லை, அடுத்தடுத்த நாட்களில் இல்லை. சாப்பிட்ட பிறகு மட்டும். தண்ணீர் கலந்து, அரை மணி நேரமாவது இழுத்து. காலையில், வண்டி ஓட்டும் முன், கோபத்தில், தனியாக: இந்த நாலிலும் கிடையாது. பெண்கள் இதைவிடவும் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும்; அதே அளவு அவர்கள் ரத்தத்தில் அதிகமாக ஏறும்.

அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். இருமல் சிரப்போடு வரும் பிளாஸ்டிக் மூடியில் மில்லிக் கோடு இருக்கும். காலி குவாட்டர் பாட்டிலில் அந்த மூடியால் 60 மில்லி தண்ணீர் ஊற்றி மார்க்கரால் ஒரு கோடு, 120இல் ஒரு கோடு. இனி ஒவ்வொரு பாட்டிலையும் அதன் பக்கத்தில் வைத்து ஊற்றுங்கள். பிளாஸ்டிக் டம்ளரில் ‘கொஞ்சமாக’ ஊற்றியது எவ்வளவு என்று ஒரு தடவை அளந்து பார்த்தால் திடுக்கென்றிருக்கும்.

இந்தக் கட்டம் எங்கே உடைகிறது என்றால் பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, மிச்சம். குறைந்தபட்ச பாட்டில் 180 என்பதால் 60 ஊற்றியதும் 120 மிஞ்சுகிறது. திறந்த பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்குவது எல்லோராலும் ஆகாது. மிச்சத்தை வீட்டில் வேறொருவர் பூட்டி வைக்க வேண்டும், அல்லது கொட்ட வேண்டும். கொட்டும்போது வயிறு எரிந்தால் அந்த எரிச்சலையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, கட்டிங் கூட்டாளி. ஆளுக்குப் பாதி என்பது சிக்கனமாகத் தெரியும், ஆனால் அவருக்கு ஆசை வரும் நாளெல்லாம் உங்களுக்கும் குடிநாளாகிவிடும். அவர் வாங்கினால் மறுநாள் நீங்கள் வாங்க வேண்டும். மூன்று, பார். பாரில் அளவாகக் குடிப்பது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை எந்த மாதத்தில் என்பதும் முக்கியம். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வருவதற்கு முன், கையில் காசில்லாத சித்திரை வைகாசியில் அளவாக இருந்தது கணக்கில் சேராது. குறுவை அறுத்துப் பணம் வரும் புரட்டாசி ஐப்பசி, சம்பா அறுவடை முடியும் தை மாசி, ஊர்த் திருவிழா, ஒரு கருமாதி: இவற்றில் இரண்டையாவது அந்த இரண்டு மாதம் தொட வேண்டும். தொடவில்லை என்றால் தொடும் வரை நீட்டுங்கள்.

ஓட்டுநர்களுக்கு: ஈரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது ஏறக்குறைய ஓர் அலகு. ராத்திரி 10 மணிக்கு முடித்த குவாட்டர் முழுக்க வெளியேற விடிகாலை ஆகிவிடும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. என்பதுதான் சட்ட வரம்பு. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எலுமிச்சைச் சாறோ கட்டங்காப்பியோ குளியலோ இந்த வேகத்தைக் கூட்டாது.

முடிவைப் படிப்பது

இரண்டு மாதத்தில் ஒன்றிரண்டு தடவை வரம்பைத் தாண்டியிருந்தால் விதியைத் திருத்தி இன்னொரு மாதம் பார்க்கலாம். மூன்றாவது தடவை தாண்டினால் விடுவதுதான் வழி. எண்ணிக்கை சரியாக வந்தும் நாளெல்லாம் அந்த 60 மில்லியையே நினைத்துக்கொண்டு, அடுத்த குடிநாளை எண்ணிக்கொண்டு, வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்தால், அதுவும் தோல்விக் கணக்குதான். அளவாகக் குடிப்பவருக்கு அது நினைவிலேயே இருக்காது. குறைப்பதற்கு இவ்வளவு காவல் தேவைப்பட்டால், விடுவது மலிவு. காசிலும் பாருங்கள்: ஒரு மாலைக்கு எல்லாம் சேர்த்து 200 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 60,000.

முதலில் குறைத்துப் பார்த்துத் தோற்று, பிறகு விட்டவர்கள் நிறைய. அந்தத் தோல்வி வீணாவதில்லை. ‘அளவாகக் குடிக்கலாமே’ என்ற வாதம் மறுபடி தலை தூக்கும்போது, காலண்டரை எடுத்துக் காட்டலாம்.

விடுவது என்று தீர்மானித்தால்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள். மனநலப் பிரிவு என்றதும் தயங்க வேண்டாம், குடிநோய்க்கான மருத்துவம் அங்கேதான். போன் மட்டும் போதுமென்றால் 14416 டெலி மானஸ், 104, போதை மீட்புக்கான 14446 ஆகியவை இலவசம்.

மாத்திரைகள் மூன்று வகையாகப் பேச்சில் வரும். நால்ட்ரெக்ஸோன் குடியின் கிளுகிளுப்பைக் குறைக்கும். குறைக்க முயல்கிறவர்களுக்கும் மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. அகாம்ப்ரோசேட் விட்டவர்களுக்கு வேட்கையைத் தணிக்கும். சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். டைசல்ஃபிரம் வேறு மாதிரி: அது சாப்பிடும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். கடைசிக் குடிக்குப் பின் 12 மணி நேரமாவது கழித்தே தொடங்க வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த எதிர்வினை வரலாம். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல வேலி. தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்தால் விஷம் வைத்த கதைதான். இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். “அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தும் பொடி” என்று போஸ்டரில் விற்பதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதானால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மருத்துவர் தினமும் வருகிறாரா, வீட்டார் பார்க்கலாமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். ராத்திரி வண்டியில் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் இடமாக இருந்தால் வேண்டாம்.

சாவு வீடும் கல்யாண வீடும்தான் பரீட்சை. போகாமல் இருக்க முடியாது. பொறுப்பான ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். மொய் எழுத உட்காருகிறவருக்கு யாரும் ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள். நோட்டு தப்பினால் ஊரே பேசும். பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணி மொய் விருந்துக் காலத்தில் இந்த வேலை தினம் கிடைக்கும். சமையல் பந்தலைக் கவனிப்பது, வெளியூர் ஆட்களைப் பஸ் ஏற்றிவிடுவது, வண்டி ஓட்டுவது எல்லாம் உதவும். “ஒரு கட்டிங் மட்டும் போடு மாப்ள” என்றால் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், விளக்கம் விவாதமாகும். “மாத்திரை சாப்பிடுறேன் மாமா, தொட்டா ஆஸ்பத்திரிதான்” என்பது நம் பக்கத்தில் எடுபடும் பதில். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு: குடித்திருக்கும்போது வாதாடாதீர்கள், காலையில் பேசுங்கள். கடனை நீங்கள் அடைக்காதீர்கள். பூச்சி மருந்தும் எலி பேஸ்ட்டும் இன்றைக்கே வீட்டைவிட்டுப் போகட்டும். போர்செட் கொட்டகையில் பூட்டி, சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். போதையில் வரும் சாகும் எண்ணம் பல நேரம் சில நிமிடங்களில் கடந்துவிடும். அந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் டப்பா இருக்கிறதா இல்லையா என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. மருந்தையோ பேஸ்ட்டையோ குடித்துவிட்டார் என்று தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு 108இல் ஏற்றுங்கள்.

விட்டு ஆறு மாதம் கழித்து ஒரு நாள் வழுக்கினால், பழைய அளவு பழைய உடம்புக்கானது. முன்பு குவாட்டர் தாங்கியவர் இப்போது அதே குவாட்டரில் மயங்கி, மல்லாந்து படுத்து, வாந்தி மூச்சுக்குழலில் போய்ச் சாகக்கூடும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒருக்களித்துப் படுக்க வைத்து, எழுப்பினால் எழுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்; எழவில்லை என்றால் 108. மறுநாள் காலையில் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி, யாரோடு, எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதிவிட்டு, அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள்.